மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்: பிறர் பொருட்டு எழுதிய பெருந்தகை

எழுதுவோர் இரு திறத்தினர். தம் கருத்தைத் தம் பெயரால் எழுதி உலகிற் புகழ் பெறுவோர் ஒரு திறத்தினர். எழுதமாட்டாத பிறர் பொருட்டுப் பேனாவைக் கையில் எடுத்து, அவர் குறையை அவர் பெயராலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத் தாம் மறைந்து நிற்போர் மற்றொரு திறத்தினர். முன்னவர் வரலாறு நூல்களில் நிரம்பக் கிடக்கின்றது. பின்னவரை நினைப்பார் மிகச் சிலர். ஆயினும், ஒரு சிற்றூர்க் கூட்டுறவுச் சங்கமோ, மாதர் குழுவோ, தொழிலாளர் கூட்டமோ தனக்கு வேண்டியதொன்றை அதிகாரிகளிடம் கேட்டுப் பெறுவதும் பெறாதொழிவதும் பெரும்பாலும் இப்பின்னவருடைய கையிலேயே இருக்கின்றன.

சான்றுக்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. புதுச்சேரிக்கு வடக்கே, கடலுக்கும் கழுவேலிக்கும் இடையிலே மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் மின்னிக் கிடக்கின்றன. தை மாசி தொடங்கி மழைக்காலம் வரும் வரையில், பாத்தியிற் பாய்ச்சிய உப்புநீர் இறுகிப் பூத்ததும், ஆடவரும் பெண்டிரும் வாருபலகையால் உப்பை வாரி வரம்பிற் சேர்த்துப் பின் அம்பாரமாகக் குவிக்கின்றனர். அவர்கள் காலடியில் உள்ள நிலத்திற் பெரும்பகுதி மத்திய அரசாங்கத்து உப்புத்துறையின் குத்தகை நிலம். உப்பு ஆணையரின் தலைமை அலுவலகமோ நெடுந்தொலைவில் ஜெய்ப்பூரில் அமைந்தது. குத்தகை, மழைச்சேதம், வாய்க்கால், பாதை, நலநிதி என்று எதைப்பற்றி எழுதுவதாயினும் மாவட்டத்தைத் தாண்டியவுடன் ஆங்கிலம் வேண்டப்படுகின்றது. தமிழிலே ஐந்து வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய குறையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்கின்றது. அவ்வாள் பெரும்பாலும் நம்மைப்போல் கல்லூரியிற் படித்து வெளியேறிய ஒருவரே. ஒரு கடிதத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு எழுதுவோரும் உளர். உறவு முறைக்காக எழுதிக் கொடுப்போரும் உளர்.

இத்தொழிலுக்குப் பெருமை தந்த ஒருவருடைய வாழ்க்கையை இம்மலரிற் சுருக்கி உரைக்க முற்படுகின்றோம். அவர் மகாகனம் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார். ஆங்கிலம் பேசுவதில் வெள்ளிநாவர் என்று உலகங் கொண்டாடிய அவரைப் பேச்சாளராகவே பலரும் அறிவர். பிறர் பொருட்டு எழுதியவர் என்ற முறையில் அவரை நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

சாஸ்திரியார் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானிலே, புரோகிதத்தால் வாழ்ந்த ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். கும்பகோணத்துப் பள்ளியிலும், பின்னர் அந்நகர் அரசாங்கக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். பட்டம் பெற்றதும் அவர் பூண்ட தொழில் ஆசிரியத் தொழில். மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராயிருந்து, பின்பு சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலே தலைமையாசிரியராகிப் பல ஆண்டு விளங்கினார். அக்காலத்தில் நம் நாட்டு ஆங்கில வகுப்பென்றாற் பெரிய சொல்லைப் பெரிதும் மெச்சும் இடமாயிருந்தது. எளிய சொல் இருக்கும்போது அரிய சொல்லை இடுவதும், ஒருமுறை சொன்னதை மும்முறை சொல்லுவதும் புலமைக்கு அடையாளம் என்று எண்ணப்பட்டன. சாஸ்திரியாரோ உச்சரிப்பிலும் சொல்லாட்சியிலும் சிறு பிழையையும் பொறாதவர். அளவுக்கு மேற்பட்ட அலங்காரத்தை விரும்பாதவர். சொல் பொருளுக்குச் சட்டைபோல அளவாயிருத்தல் வேண்டும் என்பதே அவர் எழுத்து நமக்குக் காட்டும் நெறி.

ஆசிரியராயிருந்த நாளிலேயே அவர் சிறு சங்கங்களின் பக்கம் திரும்பினார். சென்னை ஆசிரியர் சங்கம் தோன்றுவதற்குத் துணைநின்றார். 1904ஆம் ஆண்டிலே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். நடுத்தரக் குடும்பத்தார் சிலர் கூடி, அரிசியும் பருப்பும் நியாய விலைக்கு வாங்கிப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய இச்சிறு முயற்சி நாளடைவிற் பெருகி நூறாண்டைக் கடந்து நின்றது. இத்தகைய சங்கமொன்று உயிர்வாழ அரிசி மூட்டை மாத்திரம் போதாது. விதிகள் தெளிவாய் எழுதப்படவேண்டும். கூட்டத்தில் முடிந்தது இன்னது, முடியாதது இன்னது என்று குறிப்புப் புத்தகத்தில் ஐயமறப் பதியவேண்டும். உறுப்பினன் ஒருவன் அறிவிப்பைப் படித்தவுடன் தான் கட்டவேண்டிய தொகையையும் நாளையும் தெரிந்துகொள்ளவேண்டும். எழுத்து மங்கினாற் சந்தேகம் பிறக்கும். சந்தேகம் பிறந்தாற் சங்கம் கலையும். சிறு சங்கங்களுக்குத் தெளிவான எழுத்து ஓர் அணிகலன் அன்று, அச்சாணியாம்.

சாஸ்திரியாரின் வாழ்க்கைப் போக்கை மாற்றியவர் கோபால கிருஷ்ண கோகலே. 1905ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் புனாவிலே இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவிய கோகலே, எழுத்துப் பயிற்சியைத் தம் குருவாகிய மகாதேவ கோவிந்த ரானடேயிடம் பெற்றவர். அக்குருவைப் பற்றிக் கோகலே சொல்லி வந்த செய்தியொன்று நம் பொருளுக்கு மிகவும் வேண்டப்படுவது. புனாச் சார்வஜனிக சபையின் பேரால் அரசாங்கத்துக்கு நீண்ட விண்ணப்பங்கள் வரைவதில் ரானடே அல்லும் பகலும் உழைப்பார். புள்ளி விவரங்களைத் திரட்டுவார். வரைந்ததை மீண்டும் மீண்டும் திருத்துவார், திருத்துவிப்பார். அரசாங்கத்திலிருந்து வரும் விடையோ பெற்றுக்கொண்டோம் என்று இரண்டு வரி. இதைக் கண்டு மனம் நொந்த இளைஞர் கோகலே, இவ்வளவு உழைப்பும் எதற்கு என்று வினவினார். விண்ணப்பத்தின் தலைப்பில் அரசாங்கத்தின் பெயர் இருந்தபோதிலும் உண்மையில் அது மக்களை நோக்கியே எழுதப்படுகிறது என்றும், தம் குறையைத் தாமே ஒழுங்காக எண்ணிப்பார்க்க மக்கள் அதனாற் கற்றுக்கொள்வர் என்றும், அப்பயன் ஒன்றே போதும் என்றும் ரானடே அவருக்கு உணர்த்தினார். இச்செய்தியை மறவாதிருப்போமாக, இக்கட்டுரை முழுவதும் இதனைச் சுற்றியே நடக்கின்றது.

ரானடேயிடம் பெற்ற பயிற்சியைக் கோகலே உப்பின்மீது செலுத்திக் காட்டினார். அக்காலத்து உப்பு வரி மணங்கொன்றுக்கு 2 ரூபாய் 8 அணா. 1888ஆம் ஆண்டில் 2 ரூபாயாயிருந்ததை இவ்வளவுக்கு உயர்த்தியிருந்தனர். மணங்கு என்பது ஏறக்குறைய 37 கிலோ. அவ்வளவு உப்பை அளத்திலே விளைவிக்க ஆகும் செலவைப் போலப் பன்மடங்கு தொகை வரியாக அதன் தலையில் ஏறியது. உப்பை விளைவிப்பவன் கைக்குக் கிடைப்பது சிறிது. உண்பவன் கொடுப்பது பெரிது. இடையில் நின்றது வரி. 1902ஆம் ஆண்டு வைசிராயின் சட்டசபையிலே வரவு செலவுத் திட்டத்தின்மேற் கோகலே தம் முதற் சொற்பொழிவை ஆற்றியபோது, ஏழைகள் உப்பை வயிறாரப் பயன்படுத்த முடியாமற் போவதை அரசாங்கத்தின் சொந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டினார். கூக்குரலும் வசையும் அதில் இல்லை. எண்ணும் அவ்வெண்ணின் பொருளுமே இருந்தன. 1903ஆம் ஆண்டில் வரி 2 ரூபாயாயிற்று. 1905இல் 1 ரூபாய் 8 அணாவாயிற்று. 1907இல் 1 ரூபாயாய் இறங்கியது. ஒருவர் பேச்சினால் மாத்திரம் இது நிகழ்ந்தது என்று கூறின் மிகையாகும். கருவூலத்தில் அவ்வாண்டுகளிற் பணம் மிஞ்சியிருந்தமையும் ஒரு காரணம். ஆயினும், மறுக்க முடியாத கணக்கை மறுக்க முடியாத நடையிற் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தமை உதவியது என்பதில் ஐயமில்லை. மரக்காணத்துப் பாத்தியில் நின்றவர்கள் கோகலேயின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். எனினும் அவர்கள் வாரிய உப்பைப் பற்றியே அவர் பேசினார்.

இக்கோகலேயைத் தம் குருவாகக் கொண்டு சாஸ்திரியார் 1907ஆம் ஆண்டு தலைமையாசிரியர் பதவியைத் துறந்து இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். அச்சங்கத்தார் ஏற்கும் விரதங்களுள், தமக்கெனப் பொருள் தேடுவதில் முயற்சி செலவிடுவதில்லை என்பதும், சங்கம் கொடுப்பதைக்கொண்டு குடும்பத்தை நடத்துவது என்பதும் அடங்கும். குடும்பஸ்தராகிய ஒருவர் நல்ல வருவாயை விட்டு இவ்விரதத்தை மேற்கொண்டது எளிய செயலன்று. 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைமை சாஸ்திரியார்மேல் வந்து அமர்ந்தது.

தலைமை ஏற்றபின் அவர் செய்த பணியிற் பெரும்பகுதி எழுத்துப் பணியே. 1916ஆம் ஆண்டு காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் கூடி அரசியல் திட்டமொன்றை வகுத்தன. திட்டமென்பது வழக்கறிஞர் மொழியில் இருந்தால் அதை யார் படிப்பார்? 1917இல் சாஸ்திரியார் அத்திட்டத்தை விளக்கும் சிறு நூலொன்றை எழுதினார். 1918இல் இந்திய ஊழியர் சங்கம் ஆங்கில வாரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியரும் அவரே ஆனார். பத்திரிகைக்குப் பெரும் பணமும் இல்லை; பெருங்கூட்டமும் இல்லை. சிறிய சங்கம் ஒன்று பெரிய அரசாங்கத்தோடு வாதிடுவதற்குத் தெளிவு ஒன்றே படைக்கலமாயிருந்தது.

அவருடைய சொல் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு அதன் எல்லையும் 1919ஆம் ஆண்டிலே புலப்பட்டது. ரௌலட் மசோதாக்கள் வைசிராயின் சபைக்கு வந்தபோது சாஸ்திரியார் அவற்றை எதிர்த்து ஆற்றிய சொற்பொழிவு அச்சபை கேட்டவற்றுள் தலையாயது. பார்வையாளராக அங்கிருந்த காந்தியடிகள், வைசிராய் மெய்ம்மறந்து கேட்டதைப் பின்னர்த் தம் சுயசரிதையிற் பதிந்துள்ளார். உறங்குவோரை எழுப்பலாம், உறங்குவதுபோல் நடிப்போரை எழுப்புதல் இயலாது என்ற கருத்தையும் உடன் சேர்த்துள்ளார். மசோதா சட்டமாயிற்று. அப்படியாயின் சாஸ்திரியாரின் உழைப்பு வீணோ? ரானடே கோகலேக்குச் சொன்ன விடையே இங்கும் விடை. அப்பேச்சைச் செய்தித்தாளிற் படித்த ஆயிரக்கணக்கானோர், அச்சட்டம் தம்மை என்ன செய்யும் என்பதை அன்று தெரிந்துகொண்டனர்.

அதன்பின் உலகமே அவருக்கு மேடையாயிற்று. 1921ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த சாம்ராஜ்ய மாநாட்டிலும், ஜினீவாவிற் கூடிய சர்வதேச சங்கத்திலும், தொடர்ந்து வாஷிங்டனில் நடந்த கடற்படை மாநாட்டிலும் இந்தியாவின் பிரதிநிதியாய் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே பிரிவி கவுன்சில் உறுப்பினராகி, மகாகனம் என்னும் அடைமொழிக்கு உரியவரானார். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்னும் நாடுகளுக்குச் சென்று ஆங்கே குடியேறிய இந்தியரின் உரிமைக்காகப் பேசினார். பால்ஃபர் போன்ற ஆங்கிலப் பேரறிஞரும் அவர் வாயில் தம் மொழி பெறும் அழகைக் கண்டு வியந்தனர் என்பர்.

ஆயினும் அவர் பணியில் நம் மனத்தை மிகவும் கவர்வது தென்னாப்பிரிக்கப் பணி. 1927ஆம் ஆண்டின் கேப்டவுன் உடன்படிக்கைக்குப்பின், இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டாக அந்நாட்டிற்கு அவர் அனுப்பப்பட்டார். காந்தியடிகளின் விருப்பமும் அதுவே. கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறியோரின் மக்களும் பேரரும் நேட்டாலில் வாழ்ந்தனர். அவருட் பலர் தமிழர். வரிச்சீட்டையும் உரிமப் பத்திரத்தையும் படிக்கவியலாது, கையொப்பமிடு என்ற இடத்திற் கைந்நாட்டு வைத்தவர் பலர். பேச்சாலும் எழுத்தாலும் அவர்களுக்காக வாதிட்டதோடு சாஸ்திரியார் நின்றுவிடவில்லை. பிறர் தங்களுக்காக எழுதவேண்டிய நிலையே நீங்கவேண்டுமென்று கருதி, அங்கு வாழ்ந்த இந்தியரிடமே பொருள் திரட்டி டர்பன் நகரில் உயர்தரப் பள்ளியொன்று அமைய வழிசெய்தார். 1929ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அது சாஸ்திரி கல்லூரி என்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பிறர் பொருட்டு எழுதுவோன் அடையத்தக்க உச்சி இது. தான் வேண்டாதவனாகும் நாளை அவனே கொணர்கின்றான்.

இனி, பலரும் அறியாத ஒரு பணியைச் சொல்லவேண்டும். காந்தியடிகள் தம் வரலாற்றைக் குஜராத்தியில் எழுத, மகாதேவ தேசாய் அதனை ஆங்கிலத்தில் ஆக்கினார். அந்நூல் 1927இலும் 1929இலும் இரண்டு பாகமாக வெளிவந்தது. 1940இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது நடை முழுவதும் திருத்தம் பெற்றிருந்தது. ஆங்கிலத்தில் வல்லவரென்று பெயர்பெற்ற நண்பர் ஒருவர் அதனைக் கருத்தூன்றித் திருத்தித் தந்தார் என்றும், தம் பெயரை வெளியிடலாகாது என்பதே அவர் இட்ட நிபந்தனை என்றும் மகாதேவ தேசாய் முன்னுரையில் அறிவித்தார். அந்நண்பர் சாஸ்திரியாரே என்பது பின்னாளில் வெளிப்பட்டது. இதன் அருமையை எண்ணிப் பார்க்க. காந்தியடிகளும் சாஸ்திரியாரும் இருவரும் கோகலேயைக் குருவாகக் கொண்டவர். எனினும் வழி வேறு. கோகலே மறைந்தபின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேரக் காந்தியடிகள் விரும்பியபோது, உறுப்பினரிடையே கருத்து வேற்றுமை எழ, அடிகள் தம் விண்ணப்பத்தைத் தாமே விலக்கிக்கொண்டார். ஒத்துழையாமையைச் சாஸ்திரியார் ஏற்கவில்லை. தாம் உடன்படாத கொள்கையை எடுத்துரைக்கும் நூலையும், அதன் பொருளைத் திரிக்காமல், மொழியை மாத்திரம் செவ்விதாக்கி, பெயரும் வேண்டாமென்று ஒதுங்கினாரென்றால், பிறர் எழுத்தைத் திருத்துவோருக்கு இதனினும் சிறந்த இலக்கணம் எங்கே உளது? தம்மைப் புகழ்ந்து எழுதிய பக்கமும் அந்நூலில் இருந்தது என்பதை முன்னரே கண்டோம்.

குணத்தைச் சொல்லிக் குற்றத்தை மறைப்பது வரலாறாகாது. 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். ஏப்ரல் மாதத்தில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு வேதாரணியம் நோக்கி நடந்தார். தமிழகத்துக் கடற்கரையெங்கும் உப்பு என்ற ஒரு சொல்லே பெரிய வாதமாயிற்று. மரக்காணத்துக் கடலிலும் வேதாரணியத்துக் கடலிலும் உள்ள நீர் ஒன்றே. எழுத்தறியாதவனும் ஒரு பிடி உப்பை அள்ளித் தன் விண்ணப்பத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்று அவ்வியக்கம் காட்டியது. சட்டத்தை மீறுதல் தகாது என்று கருதிய சாஸ்திரியார் அதிற் சேரவில்லை. அவ்வாண்டிலேயே வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றார். அரசர் அளித்த உயர்ந்த விருதொன்றையும் அவ்வாண்டில் ஏற்றார். மக்களைவிட்டு அவர் விலகி நின்றார் என்று அன்று பலர் குறை கூறினர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. 1923ஆம் ஆண்டு சட்டசபை மறுத்தும் வைசிராய் தம் தனியதிகாரத்தால் உப்பு வரியை மீண்டும் 2 ரூபாய் 8 அணாவாக ஏற்றியதை நாடு மறக்கவில்லை. மறுக்கவொண்ணாத நடையில் எழுதிய மனுவும் நடிப்பு உறக்கத்தைக் கலைக்காதபோது மக்கள் வேறு மொழியில் எழுதத் தொடங்குகின்றனர். அவ்வரி 1947இல் ஒழிந்தது.

இரண்டாவது குறை தமிழைப் பற்றியது. 1935 முதல் 1940 வரை சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சாஸ்திரியார் துணைவேந்தராயிருந்தார். 1940இல் சென்னை அரசாங்கத்தார், பள்ளிகளில் அறிவியலைத் தமிழிற் கற்பிக்க வேண்டிய கலைச்சொற்களை வகுக்க அவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தனர். அக்குழு வடசொற்களின் பக்கம் சாய்ந்தது. தமிழறிஞரும் தமிழ்ச் சங்கத்தாரும் எழுந்து எதிர்த்தனர். தமிழிலேயே கலைச்சொல் ஆக்கல் கூடும் என்பதைச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் அதற்குச் சில ஆண்டு முன்னரே நூலாகச் செய்து காட்டியிருந்தனர். எதிர்ப்பின் பயனாகத் தமிழறிஞர் சிலர் குழுவிற் சேர்க்கப்பட்டனர். ஆங்கிலத்தில் ஒரு சொல் மிகினும் குறையினும் பொறாத பெரியவர், தமிழ்ப் பிள்ளைக்கு எச்சொல் கேட்டவுடன் விளங்கும் என்பதை ஏனோ அதே கூர்மையுடன் நோக்கவில்லை. உப்பளத்திலே பாத்தி, வரம்பு, அம்பாரம் என்று அழகிய சொற்கள் கல்லாதார் நாவில் உயிரோடு உலவுகின்றன. அவற்றை விட்டுவிட்டு ஏட்டுச்சொல்லைத் தேடிச் செல்வது எவ்வளவு கற்றவருக்கும் நேரக்கூடிய பிழை. தெளிவு என்பது எழுதுவோன் புலமையில் இல்லை; படிப்போன் காதில் இருக்கின்றது. இதனைச் சாஸ்திரியாரின் வெற்றி கற்பிப்பதுபோலவே அவர் சறுக்கலும் கற்பிக்கின்றது.

முதுமையிலும் அவர் எழுத்தும் பேச்சும் ஓயவில்லை. 1936ஆம் ஆண்டிறுதியில் மலேயாவுக்குச் சென்று அங்குள்ள இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1944இல் சென்னையில் வால்மீகி இராமாயணத்தைப்பற்றி முப்பது சொற்பொழிவு ஆற்றினார். அவ்வாண்டிலேயே அவருடைய கடிதங்கள் தொகுக்கப்பெற்று நூலாயின. 1946ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னைக்கு வந்த காந்தியடிகள், மருத்துவமனையிற் கிடந்த தம் பழைய நண்பரைச் சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் இவ்வுலக வாழ்வை நீத்தார். நாடு விடுதலை பெற இன்னும் ஓராண்டு சில மாதங்கள் இருந்தன.

நிற்க. மாணவ நண்பர்களே, இப்பெரியார் வரலாற்றால் நாம் பெறுவது யாது? நம்முள் வெள்ளிநாவராகக்கூடியவர் எவரோ ஒருவர் இருக்கலாம். ஆயின் ஊரார் ஒருவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கும் வாய்ப்பு நம்மில் ஒவ்வொருவருக்கும் வரும். காலந் தவறிய மழையால் ஒரு சிறு சங்கத்தாரின் பாத்திகள் நீரில் அமிழ்ந்து, விளைந்த உப்புக் கரைந்து, குத்தகைப் பணத்துக்குத் தவணை கேட்க வேண்டியுள்ளது என்று கொள்வோம். நம்மிடம் வருகின்றனர். மேன்மைதங்கிய, கருணைவாய்ந்த என்று தொடங்கி, பணிவைப் பக்கத்துக்குப் பக்கம் பரப்பி, கேட்பது இன்னதென்பதைக் கடைசிப் பக்கத்தின் கடைசி மூலையில் ஒளித்துவைப்பது பழைய மனு எழுதுவோர் வழக்கம். அதிகாரி அம்மூலைக்கு வந்து சேர்வதேயில்லை. முதல் வாக்கியத்திலேயே கேட்பதைக் கேட்டுவிடுக. எந்த நாள் மழை பெய்தது, எத்தனை பாத்தி அமிழ்ந்தது, எவ்வளவு உப்புப் போயிற்று, எத்தனை குடும்பம் அதனை நம்பியிருந்தது, எந்த நாள் வரை தவணை வேண்டும் என்பவற்றை எண்ணோடு சொல்லுக. தெரியாத எண்ணை ஊகித்து இடற்க. ஒரு பொய்யெண் ஒன்பது மெய்யெண்ணைக் கெடுக்கும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து போதும். அம்பாரம் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் குவியல் என்று பொருள்படும் மிகச் சிறிய சொல்லே உண்டு, அதுவே அமையும். எழுதி முடித்ததும் ஒன்றும் இரண்டும் முறை படித்து, நீக்கினாற் பொருள் குறையாத சொல்லையெல்லாம் நீக்குக.

அதற்குமேல் ஒன்றுண்டு, அதுவே தலையாயது. ஆங்கிலத்தில் எழுதியதைக் கையொப்பமிடப் போகிறவர்களுக்கு வரிவரியாகத் தமிழிற் படித்துக் காட்டுக. அவர்கள் இது எங்கள் பேச்சுத்தான் என்று தலையசைத்தால் கடிதம் ஆயத்தமாயிற்று. யாருடைய பேச்சோ என்று விழித்தால், ஆங்கிலம் எவ்வளவு அழகாயிருப்பினும் அதைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதுக. தம் பெயரால் ஊரைவிட்டுச் செல்லும் தாளில் என்ன இருக்கின்றது என்று அறியாமற் கைந்நாட்டு வைப்பவன், வேறொரு நாள் வேறொருவன் நீட்டும் தாளிலும் அவ்வாறே வைப்பான். படித்துக் காட்டப்பட்டவனோ அடுத்த முறை தானே குறிப்புக் கொண்டுவருவான். அதற்கடுத்த முறை தன் மகளைக்கொண்டு எழுதுவிப்பான். ரானடே சொன்ன பயன் இதுவே. டர்பன் நகரிற் சாஸ்திரியார் நாட்டிய வித்தும் இதுவே.

இத்தொழிலுக்குக் கூலி வாங்குதல் இழிவோ என்று சிலர் ஐயுறலாம். சாஸ்திரியார் பூண்ட விரதம் எல்லோர்க்கும் உரியதன்று. எழுதிப் பிழைப்பவனும் உப்பு வாரிப் பிழைப்பவனைப்போல ஓர் உழைப்பாளியே. அவன் உழைப்புக்கு விலை உண்டு. ஆயின் பக்கக் கணக்கில் விலை பேசாது காரியக் கணக்கில் விலை பேசுக. பக்கக் கணக்கு, சுருங்கச் சொல்லவேண்டிய கையை நீட்டச் சொல்லிக் கெடுக்கும். கூலி கொடுத்தவன் ஏழையாயினும் அவனே நம் எசமான். முகவரியில் உள்ள அதிகாரி எசமான் அல்லன்.

உப்பில்லாப் பண்டத்துக்குப் பழமொழி காட்டும் இடம் குப்பை. உப்பு மிகுந்த பண்டத்துக்கும் அதுவே இடம். அளவறிந்து இடப்பட்ட உப்பு, கறியிற் கரைந்து, தான் தோன்றாது, சுவையாய் மாத்திரம் நிற்கின்றது. பிறர் பொருட்டு எழுதும் எழுத்துக்கும் இலக்கணம் அவ்வளவே. பெயர் மறைத்து ஒரு பெருநூலைத் திருத்தித் தந்த சீனிவாச சாஸ்திரியாரின் நினைவு, அத்தகைய எழுத்தில் நம்மை ஊக்குவதாக.